கோடியக்கரையும் பிரயாணிகள் வரவும்: தாங்கும் அளவறிந்து திட்டமிடுதல்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வது குடியானவர் வழக்கம். வாங்குவோரே பண்டம் இருக்குமிடத்தைத் தேடி வரும் தொழிலும் ஒன்று உண்டு. முற்காலத்தில் க்ஷேத்திர யாத்திரை என்றும், பின்னர் உல்லாசப் பிரயாணம் என்றும், இக்காலத்தில் சுற்றுலா என்றும் வழங்குவது அத்தொழிலே. நெல் விற்றவன் வீட்டு வாசலுக்கு நெல்லை உண்பவன் வருவதில்லை. ஆனால், ஓர் ஊரின் கடற்கரையையும் காட்டையும் பறவைகளையும் காண விரும்புபவன் அவ்வூருக்கே வந்து, அவ்வூர் நீரைக் குடித்து, அவ்வூர்ப் பாதையில் நடந்து, தன் கழிவையும் அங்கேயே விட்டுச் செல்லவேண்டும். ஆகையால் இத்தொழிலால் வரும் லாபத்தைப் போலவே, அதன் பாரமும் ஊரின்மீதே விழுகிறது. இக்காரணம் பற்றியே நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதன் வருங்கால ஏற்பாடுகளை அறிந்திருப்பது அவசியமாகிறது.

இந்நாட்டில் இத்தொழிலுக்குத் திட்டம் வகுக்கும் முயற்சி 1945-ஆம் வருஷத்தில் சர் ஜான் சார்ஜண்ட் தலைமையில் அமைந்த குழுவுடன் தொடங்கியது. 1949-இல் மத்திய போக்குவரத்து அமைச்சில் இதற்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. 1966-இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும், 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் நிறுவப்பட்டன. 2023-இல் தமிழ்நாடு சர்க்கார் தனக்கெனச் சுற்றுலாக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, எத்தனை பேரை வரவழைக்கலாம் என்பதே. கோடியக்கரையைப் போன்ற ஓரிடத்திற்கு அக்கேள்வி இரண்டாவதாகவே வரத்தக்கது. எத்தனை பேரை இவ்விடம் தாங்கும் என்பதே முதற்கேள்வி.

கோடியக்கரையின் செல்வம்

காவிரிப் படுகையின் தென்கிழக்கு மூலையில், வேதாரண்யத்திற்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடுமிடத்தில் கோடியக்கரை அமைந்துள்ளது. முன்னர்ப் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த இப்பகுதி, 1991-ஆம் வருஷம் முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மணல் மேட்டின்மேல் வளர்ந்த பசுமை மாறாக் காடு, வெளிமான்கள் மேயும் புல்வெளி, மழைக்காலத்தில் நீர் பரந்து கோடையில் உப்புப் பூக்கும் சதுப்புநிலம் ஆகிய மூன்றும் இங்கு அடுத்தடுத்து உள்ளன. 1967-இல் இவ்விடம் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் இக்காடும், வேதாரண்யம் சதுப்புநிலமும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் சேர்ந்து 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் இங்குக் காணப்பட்டுள்ளன. பூநாரைகளும், பலவகை உள்ளான்களும், நாரைகளும் தூரதேசங்களிலிருந்து இங்கு வந்து தங்குகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாக இங்குப் பறவைகளுக்கு வளையமிட்டு, அவை வரும் வழிகளை ஆராய்ந்து வந்துள்ளனர்.

இயற்கைச் செல்வத்தோடு பழம்பெருமையும் இவ்விடத்திற்கு உண்டு. சுந்தரர் பாடல்பெற்ற கோடிக்குழகர் ஆலயம் கோடியக்காட்டில் இருக்கிறது. ஆடி, தை அமாவாசைகளில் கடலாட ஜனங்கள் திரளாக வருகிறார்கள். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளி வழியில் உள்ளது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ கதையில் கோடிக்கரை ஒரு முக்கிய இடம் பெற்றதால், அதைப் படித்தவர்களும், 2022, 2023-ஆம் வருஷங்களில் வெளிவந்த அதன் திரைப்படங்களைப் பார்த்தவர்களும் இவ்வூரைக் காண விழைகின்றனர். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையுள்ள ரயில்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வரவு பெருகுவதற்கான காரணங்கள் இவ்வாறு பல இருப்பதால், ஏற்பாடும் காலத்தே செய்யப்பட வேண்டும்.

பருவம் குறுகியது

பறவைகள் இங்கு வருவது ஐப்பசியையொட்டி. திரும்புவது பங்குனி வாக்கில். அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரையே அவற்றைக் காணும் பருவம். வடகிழக்குப் பருவமழை பெய்வதும், சம்பா நடவும் அறுப்பும் நடப்பதும், வெளியூர்ப் பரதவர் பலர் இக்கரையில் வந்து தங்கி மீன் பிடிப்பதும் இம்மாதங்களிலேயே. எனவே பிரயாணிகள் மிகுதியாக வரும் சமயத்தில் ஊரில் ஆட்களுக்கு வேலையும், வண்டிகளுக்கு வாடகையும் முன்னமே உண்டு. வேலை தேவைப்படும் கோடையில் பிரயாணிகளோ குறைவு.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. பெரும் பொருள் செலவிட்டு இங்கு விடுதி கட்டுபவர், வருஷம் முழுவதற்குமான வட்டியையும் சம்பளத்தையும் ஐந்தாறு மாத வருமானத்திலிருந்து எடுத்தாக வேண்டும். அது கூடாதபோது, மற்ற மாதங்களிலும் கூட்டத்தை இழுக்க, இடத்திற்குப் பொருந்தாத கேளிக்கைகளையும் விளக்கொளியையும் ஒலிபெருக்கியையும் சேர்க்க நேரும். இரவில் ஒளியும் ஓசையும் மிகுந்தால், பறவைகளும் மான்களும் இவ்விடத்தை விட்டு ஒதுங்கும். காண வந்த பொருளே இல்லாமற் போனால் விடுதியும் நிலைக்காது. இயற்கையின் சீற்றமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கின் எஞ்சிய பகுதி 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் சிதைந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயலில் தென்னையும் மாவும் காட்டு மரங்களும் வேரோடு சாய்ந்தன. இத்தகைய கரையில் பெருமுதல் போட்டுக் கட்டடம் எழுப்புவது அபாயம் நிறைந்த செலவாகும்.

நீரின் கணக்கு

இப்பகுதியின் ஊற்றுநீர் மணலில் இறங்கிய மழைநீரே. அது அடியிலுள்ள உப்புநீரின்மேல், தயிரின்மீது ஆடை போல, மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் அழுத்தத்தால் உப்புநீர் ஏறக்குறைய 40 அடி கீழே தள்ளப்பட்டிருக்கும் என்பது நிலநூலார் கண்ட கணக்கு. இதையே மாற்றிச் சொன்னால், இடைவிடாமல் இறைப்பதால் நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிற்குமாயின், உப்புநீர் நாளடைவில் 40 அடி வரை மேலேறக்கூடும். ஒருமுறை உப்பேறிய கிணறு நன்னீர் தருவதற்குப் பல மழைகள் வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு தோண்டி விசையான பம்பு வைத்தவர் தம் கிணற்றை மட்டுமன்றி, அண்டைத் தோட்டத்துக் கிணற்றையும் கெடுத்தவராவர்.

கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் தருவது மத்திய சர்க்காரின் ஜல ஜீவன் திட்டத்தின் அளவு. விடுதிகளில் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயத்தில் கண்ட அளவு. நூறு படுக்கையுள்ள விடுதிக்கு இக்கணக்கின்படி தினம் 18,000 லிட்டர் வேண்டும். அது கிராமவாசிகள் 327 பேருக்குரிய பங்கு. நீச்சல் குளமும் புல்தரையும் வைத்தால் தேவை இன்னும் ஏறும். இந்நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை எழுதப்படாத எந்தத் திட்டமும் முழுமையான திட்டமன்று.

இறால் பண்ணைகள் கற்பித்த பாடம்

திட்டமின்றி வந்த தொழில் ஒன்று இக்கரையோரத்திற்கு என்ன செய்தது என்பதைக் குடியானவர் மறந்திரார். 1990-களின் தொடக்கத்தில் இறாலுக்கு அன்னிய நாடுகளில் நல்ல விலை கிடைத்ததால், வெளியூர்க் கம்பெனிகள் கடலோர நிலங்களை வாங்கிப் பண்ணைக் குளங்களாக மாற்றின. நெல் விளைந்த நிலத்தில் கடல்நீர் தேக்கப்பட்டது. பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்புப் பரவியது. நடவு, களையெடுப்பு, அறுப்பு ஆகியவற்றில் பலருக்குக் கிடைத்து வந்த கூலி வேலை, சில காவலாட்களின் வேலையாகச் சுருங்கியது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்கு எல்லைக்குள் இருந்த அத்தகைய பண்ணைகளை அகற்றவும், கெடுதி செய்தவரே ஈடு செலுத்தவும் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டமும் அதிகார அமைப்பும் ஏற்பட்டன.

தீர்ப்பு வந்தபோது நிலம் பல கைமாறியிருந்தது. விற்ற பணமும் பலரிடம் தங்கவில்லை. இறால் வளர்ப்புத் தீய தொழில் என்பதன்று இதன் கருத்து. தாங்கும் அளவை அறியாமலும், ஊராரைக் கலவாமலும் நுழைந்த தொழில், முதலில் நிலத்தையும் பின்பு தன்னையுமே கெடுத்துக்கொள்ளும் என்பதே பாடம். விடுதிகளுக்கும் இது பொருந்தும்.

அக்கரையின் அனுபவம்

பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள இலங்கைத் தீவின் அனுபவமும் கோடியக்கரைக்குப் பயன்படும். 1966-ஆம் வருஷத்தில் அந்நாட்டிற்குச் சுமார் 19,000 பிரயாணிகள் வந்தனர். அவ்வருஷமே அரசாங்கம் சுற்றுலாச் சபை ஒன்றை நிறுவி, 1967 முதல் 1976 வரை பத்தாண்டுத் திட்டம் வகுத்தது. விடுதிகள் எங்கெங்கு அமைய வேண்டும் என்று இடங்கள் வரையறுக்கப்பட்டன. 1982-இல் வந்தவர் தொகை 4 லட்சத்தைக் கடந்தது. ஆயினும் 1983 ஜூலைக் கலவரத்தையும் அதைத் தொடர்ந்த யுத்தத்தையும் அடுத்து வரவு வெகுவாகக் குறைந்தது. யுத்தம் முடிந்தபின் மீண்டும் வளர்ந்து, 2018-இல் 23 லட்சத்தைத் தாண்டியது. 2019-இல் ஈஸ்டர் தினக் குண்டுவெடிப்பும், 2020-இல் பரவிய கொள்ளைநோயும் அதை மறுபடி வீழ்த்த, 2021-இல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை.

நல்ல திட்டமிருந்தும் இத்தொழில் எளிதில் முறியக்கூடியது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மழை தவறிய வருஷத்திலும் வயல் மறுவருஷத்திற்காக அங்கேயே இருக்கிறது. வயலை விற்று விடுதி வேலைக்குச் சென்றவனுக்கு வரவு நின்ற வருஷத்தில் ஒன்றும் இருப்பதில்லை. ஆகையால் சுற்றுலா வருமானம் குடியானவனுக்கு ஊடுபயிர் போல இருக்கலாம். அதையே முதற்பயிராகக் கொள்வது தகாது.

அளவு வகுத்த இடங்கள்

அளவு வகுப்பது நடைமுறையில் இயலாது என்று சொல்வாருண்டு. மலைவாசஸ்தலங்களில் அது நடந்திருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்கள் அளவின்றி ஏறியதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2024 மே மாதம் முதல் முன்பதிவுச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 2025-ஆம் வருஷத்துக் கோடைப் பருவத்தில் நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும், கொடைக்கானலுக்கு முறையே 4,000 வாகனங்களும் 6,000 வாகனங்களும் என்று வரம்பு விதித்தது. கூட்டம் மிகுந்து கேடு விளைந்தபின் நீதிமன்றம் செய்ததை, கூட்டம் மிகுமுன்னரே ஊரும் சர்க்காரும் கோடியக்கரையில் செய்துகொள்ளலாம்.

பறவையும் உழவும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயல்களுக்கு உரமாகிறது என்பதை அவ்வூரார் கண்டிருந்தனர். வேட்டையாடுவோரால் பறவைகளுக்குத் தீங்கு நேர்ந்தபோது அவர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுத்து மூலமாக அளித்தார். இருநூறு வருஷங்களுக்குப் பின்னும் பறவைகள் வருகின்றன, காண்போரும் வருகின்றனர். காவிரிப் பாசனத்திலேயே வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிகளாகவும் பறவைச் சரணாலயங்களாகவும் விளங்கி, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரைக்கு வருபவரை இவ்விடங்களுக்கும் பிரித்தனுப்பினால், ஒரே ஊரின்மேல் பாரம் ஏறாது.

திட்டத்தில் இருக்கவேண்டியவை

முதலாவது, தங்குமிடம். விடுதிகளும் உணவகங்களும் ரயில் வசதியும் கடைத்தெருவும் உள்ள வேதாரண்யம், நாகப்பட்டினம் முதலிய ஊர்களில் அமைவதே தகும். பிரயாணிகள் காலையில் கோடியக்கரைக்கு வந்து, பொழுது சாயுமுன் திரும்பலாம். ஊருக்குள் தங்க விரும்பும் சிலருக்கு, வீடுகளில் ஓரிரண்டு அறைகளை ஒழுங்குபடுத்தி வாடகைக்கு விடும் முறை போதும். இதற்குப் புதுக்கிணறும் பெருங்கட்டடமும் வேண்டா. பருவம் முடிந்தால் அறை வீட்டுக்கே பயன்படும்.

இரண்டாவது, வரம்பு. ஒருநாளில் காட்டிற்குள் செல்லத்தக்க வாகனங்களும் ஆட்களும் எத்தனை என்பதை வனத்துறையார் பறவைப் பருவத்தையும் மான்கள் ஈனும் காலத்தையும் கருதி நிர்ணயித்து, வாயிலில் எழுதி வைக்கவேண்டும். அமாவாசை நாட்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பிளாஸ்டிக் பைகளும் எச்சில் உணவும் காட்டோரத்தில் குவிந்தால் நாய்கள் பெருகி மான்களைத் துரத்தும். குரங்குகள் தின்பண்டத்திற்குப் பழகித் தோட்டங்களில் இறங்கும். கடைசி நஷ்டம் அடுத்துள்ள மாந்தோப்புக்காரருக்கே.

மூன்றாவது, வருமானம் ஊரில் தங்குதல். மதகில் விட்ட நீர் வாய்க்கால் உடைப்புகளில் வடிந்துவிட்டால் வயலுக்கு ஒன்றும் சேராது. பிரயாணி செலவிடும் பணமும் அத்தகையதே. அரிசியும் காய்கறியும் வெளியூரிலிருந்து வந்து, வழிகாட்டியும் வண்டிக்காரரும் வெளியூராராயிருந்தால், ஊருக்கு மிஞ்சுவது குப்பையே. வேதாரண்யம் வட்டாரத்து மாம்பழம், முல்லைப்பூ, தேங்காய், கருவாடு, உப்பு ஆகியவற்றை உற்பத்தியாளர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் ஒழுங்காகப் பொதிந்து விற்க வசதி செய்யவேண்டும். ஊர் இளைஞர்கள் பறவைகளின் பெயரும் குணமும் கற்று வழிகாட்டிகளாகலாம். நுழைவுக் கட்டணத்தில் ஊராட்சிக்கு நிலையான ஒரு பங்கு சேரும்படி திட்டத்திலேயே எழுதப்படவேண்டும்.

நான்காவது, நீரும் புல்லும். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு முதலியவற்றின் கடைமடை நீரே முத்துப்பேட்டைக் காயலை அடைகிறது. வயலில் அளவுக்கு மீறித் தெளித்த பூச்சிமருந்து வடிகால் வழியே அங்குச் சென்று மீனையும் பறவையையும் பாதிக்கும். நாரைகளும் கொக்குகளும் வயல் நண்டுகளையும் நத்தைகளையும் புழுக்களையும் தின்று உதவுவதை நினைத்து மருந்தை அளவோடு பயன்படுத்துவது இருவகையிலும் நன்மை. புல்வெளிகளை மூடிவரும் சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் மான்களுக்கு இன்றியமையாதது.

நிலமுடையோரும் உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டியவை

2020-ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நாகப்பட்டினம் மாவட்டத்திற்கும் உரியது. எண்ணெய் எடுத்தல், உலோகம் உருக்குதல், கப்பல் உடைத்தல் போன்ற தொழில்களைப் புதிதாகத் தொடங்குவதை அது தடுக்கிறது. உல்லாச விடுதிகள் அத்தடைப் பட்டியலில் இல்லை. ஆகையால் அச்சட்டம் ஒன்றையே காவலாக நம்பியிருத்தல் கூடாது. கடற்கரை ஒழுங்கு விதிகள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஈரநில விதிகள், விளைநிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்ற முன் அனுமதி கோரும் விதிகள் ஆகியன தனித்தனியே உள்ளன. ஜனநெருக்கம் குறைந்த கிராமக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் எழுப்பத் தடையுள்ள பகுதி என்பதை நிலம் விற்பவரும் வாங்குபவரும் முன்னரே அறியவேண்டும்.

நிலத்தை விற்கும்படி கேட்டு வருவோரிடம் உடனே முன்பணம் பெறலாகாது. நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு குறிப்பிட்ட வருஷங்களுக்குக் குத்தகைக்கு விடும் வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஒப்பந்தத்தில் கிணறு தோண்டும் ஆழம், இறைக்கும் அளவு, கழிவுநீர் போக்கு, தவணை முடிந்தபின் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொணரும் பொறுப்பு ஆகியவை எழுத்தில் இருத்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் வாய்க்கால், வடிகால், மேய்ச்சல் புறம்போக்கு, கடற்கரைப் பாதை ஆகியவற்றின் எல்லைகளைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தால், பின்னால் ஆக்கிரமிப்பு வழக்குகள் குறையும். ஊராட்சியார் வருஷந்தோறும் சித்திரையில் பொதுக்கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதி, கிராமசபையில் படிக்கச் செய்யலாம். எந்த விடுதிக்கும் திட்டத்திற்கும் அனுமதி பற்றி ஆலோசிக்கையில் அப்பதிவேடே முதற்சாட்சியாகும்.

பிரயாணிகள் வரவு கோடியக்கரைக்கு நன்மையாகவோ தீமையாகவோ முடிவது வருவோரின் குணத்தைப் பொறுத்தது மட்டுமன்று. ஊரார் முன்னரே எழுதி வைத்த அளவையும் பொறுத்தது. கிணற்று நீரின் கணக்கு, வாகனங்களின் வரம்பு, நிலத்தின் மீதுள்ள உரிமை ஆகிய மூன்றும் ஊராரின் கையில் இருக்கும் வரையில், பூநாரைகளும் அவற்றைக் காண வருவோரும் இக்கரைக்கு வருஷந்தோறும் பயன் தருவர்.